பொட்டு வைத்த சிடி

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மைக் செட் வைத்துப் பிழைத்தவர்களில், கேசட்டை மூட்டை கட்டிவிட்டு சிடிக்கு முதலில் மாறியவன் நான்தான். இல்லை என்கிறவர் யாராவது இருந்தால் என் கடைக்கு வந்து சொல்லட்டும். மற்றவர்கள் பெட்டி மாதிரி டெக்கைத் துணியில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டிருந்த காலத்தில், நான் மஞ்சள் பைக்குள் ஒரு சின்ன பிளேயரைப் போட்டுக்கொண்டு கைவீசி நடந்தேன். வெள்ளி நிறம், வட்டமாக ஊத்தப்பம் அளவு. மூடியைத் திறந்தால் உள்ளே கண் மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. அதிலிருந்து ஒரு வயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால் போதும், குழாயில் பாட்டு கணீர் என்று விழும். சென்னைக்குப் போய், துறைமுகத்தை ஒட்டின ஒரு சந்தில் பேரம் பேசி வாங்கியது. விற்றவன் கடைசியில், “நீ இன்னா தொழில்பா பண்றே, என்னையே சாச்சிட்டியே” என்றான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பிறந்தது கல்வராயன் மலையில், சாமைக் காட்டு ஓரத்தில் ஒரு கூரை வீடு. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அக்கா. அதற்கு மேல் பள்ளிக்கூடம் ஏறாமல் திரிந்த என்னை, “மலைய நம்பிக்கினு இருந்தா மண்ணுதான் திங்கணும், கீழ போய் பொழச்சிக்கோ” என்று கச்சிராயபாளையம் வரைக்கும் கூடவே நடந்துவந்து பஸ் ஏற்றிவிட்டாள். கள்ளக்குறிச்சியில் ஒரு மைக் செட் கடையில் குழாய் தூக்கச் சேர்ந்தேன். புளியமரம், தென்னைமரம் எல்லாம் ஏறிக் குழாய் கட்டினேன். யார் தயவும் இல்லாமல் சொந்தக் கடை போட்டேன். இன்றைக்கு என் லாரி திருக்கோவிலூருக்கும் போகிறது, எலவனாசூர்கோட்டைத் திருவிழாவுக்கும் போகிறது. படித்தவர்கள் என்னிடம் வந்து நின்றுகொண்டு, “அண்ணே, தேதி இருக்குதுங்களா” என்று கேட்கிறார்கள்.

இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டியாவது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. அக்கா சமீபத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் சாவு வீட்டில் என் குழாயைக் கட்டவிடாமல் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஏன் என்பதில் பாதிதான் ஊருக்குத் தெரியும். மீதி எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் மட்டும் தெரியும். தெரியவேண்டியவளுக்கு இது தெரிந்தால் தெரியட்டும் என்று ஒரு மனது. தெரியவே கூடாது என்று ஒரு மனது. அதனால் யார் பேரும் போடாமல் எழுதுகிறேன்.

அந்த பிளேயரை நான் தொழிலுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு கடையில் பாட்டைப் பதிந்து சிடி அடித்துக் கொடுப்பார்கள். புதுசாக அடித்து வந்ததை அப்படியே பந்தலுக்கு எடுத்துப்போக மாட்டேன். வீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இயர்போனைக் காதில் மாட்டி, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டுவிடுவேன். எங்கே கரகரப்பு, எங்கே சத்தம் கம்மி, எல்லாம் மனதில் ஏறிவிடும். காதை அடைத்துக்கொண்டிருப்பதால் எனக்கே தெரியாமல் கத்திப் பேசுவேன்.

“இன்னாத்துக்கு இந்தக் கத்து கத்தறீங்க? நான் அடுப்புகிட்டதான இருக்கறேன்” என்பாள் வீட்டுக்காரி.

“டீ கேட்டேன்!”

“தெருவுக்கே கேட்டுச்சு. எல்லாரும் போட்டு எடுத்துக்கினு வருவாங்க, இருங்க.”

ஒரு நாள் அவள் காதில் ஒரு பக்கத்தை மாட்டிவிட்டேன். பயந்து உதறிவிட்டு, “யாரோ மண்டைக்குள்ள வந்து குந்திக்கினு பாடறாங்க” என்றாள். பிறகு பூ கட்டும்போதெல்லாம் அவளே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வாள்.

வெளியூர் போகும்போது பஸ்ஸில் மடியில் துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பிளேயரை வைத்துக்கொள்வேன். தளும்பத் தளும்பத் தண்ணீர் உள்ள சொம்பைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். சமவெளியில் தொந்தரவு இல்லை. கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கினால், வளைவுக்கு வளைவு பாட்டு தாவும். குலுங்கினாலும் கொஞ்ச நேரம் நிற்காமல் பாடும் என்று விற்றவன் சொன்னது உண்மைதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வெள்ளிமலை ரோடு அடுத்த குழிக்குப் போய்விடும்.

இப்போது சொல்லவேண்டியது என் தொழில் ரகசியம். அடித்து வருகிற சிடி எல்லாமே முகத்தில் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரப் பிள்ளைகள் மேலே எதையாவது இங்கிலீஷில் கிறுக்கித் தருவார்கள். தமிழில் எழுதினாலும் நான் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். பந்தலில் பத்து பேர் பாட்டு கேட்டு நச்சரிக்கும்போது கூட்டிப் படிக்க நேரம் ஏது? அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் விசேஷம் இதற்கெல்லாம் போடுகிற சிடியின் காகித உறையில் சந்தனம் குழைத்து ஒரு குங்குமப் பொட்டு. சாவு வீட்டு சிடிக்குப் பொட்டு கிடையாது, வெறும் உறை. கை வைத்ததும் தெரிந்துவிடும். மற்ற செட்டுக்காரர்கள் தடுமாறும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். “எப்படிண்ணே?” என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்வேன். வீட்டுக்காரியிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. பக்திக்காகப் பொட்டு வைக்கிறேன் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

அக்காவுக்கு ஒரே மகள். அக்கா புருஷன் அந்தப் பெண் தவழ்கிற வயதிலேயே இறந்துவிட்டார். மேல்படிப்புக்கு வழியில்லாமல் தையல் கற்றுக்கொள்ள மலையிலிருந்து இறங்கி, என் வீட்டில்தான் தங்கியிருந்தாள். எனக்குப் பெண் குழந்தை இல்லை. அவள் வந்த பிறகுதான் என் வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்டது. கார்த்திகையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன்னால் வந்தது ஆயுத பூஜை.

மைக் செட்காரனுக்கு ஆயுத பூஜையன்று சோறு தின்ன நேரமிருக்காது. லாரி ஷெட், அரிசி மில், ஒர்க்‌ஷாப், ஆட்டோ ஸ்டாண்டு என்று எல்லா இடத்திலும் குழாய் கட்ட வேண்டும். மற்ற வருஷம் எல்லாம் விடியற்காலையில் நானே என் சாமானுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவேன். சாவு வீட்டு சிடிகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாக இருக்கும். அதைப் பூஜையில் வைக்க மாட்டேன். அந்த வருஷம் வேலை ஜாஸ்தி. “நீங்க போங்க மாமா, நான் பூஜ போட்டுட்றேன்” என்றாள் அவள். எனக்குச் சந்தோஷம்தான். போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது வீடு ஜொலித்தது. குழாய், ஆம்ப்ளிஃபயர், மைக், வயர்ச் சுருள், ஏணி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். பிளேயரின் மூடியில் நடுவில் ஒன்று. நல்லவேளை, உள்ளே இருந்த கண்ணில் வைக்கவில்லை. சிடி எல்லாம் பெட்டியில் அழகாக அடுக்கியிருந்தது. பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு படுத்தவன்தான், எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. அடுத்து வந்த விசேஷங்களுக்கெல்லாம் மேலாக இருந்த, வழக்கமாகப் போடுகிற சிடிகளே போதுமாக இருந்தன. இடையில் சாவு வீடு எதுவும் வரவில்லை. அவள் கல்யாணத்துக்குத்தான் பெட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். என் அக்கா மகள் கல்யாணம், ஒரு பாட்டு இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மலையில் அதுவரைக்கும் யாரும் கேட்டிராத செட் அது. ஊருக்கு நடுவே இருந்த பலாமரத்தில் நாலு பக்கமும் குழாய். கரண்டை நம்ப முடியாது என்று வீட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர். தாலி கட்டி முடிந்தது. மேளக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். அக்கா கையெல்லாம் சாம்பாரோடு ஓடிவந்தாள்.

“தம்பி, இன்னாடா குந்திக்கினு இருக்கற? பாட்ட போடு. எதிர் மலைக்காரனுக்கும் கேக்கணும், என் பொண்ணுக்குக் கல்யாணம்னு.”

“எதிர் மலை இன்னாக்கா, கள்ளக்குறிச்சிக்கே கேக்கும் பாரு” என்றேன்.

பெட்டியில் கைவிட்டேன். பொட்டு இருந்தது. எடுத்துப் போட்டேன். வழக்கமாக இயர்போனில் ஒரு விநாடி கேட்டுவிட்டுத்தான் வயரை மாற்றுவேன். அன்று அக்கா தலைக்கு மேல் நிற்கிறாள், பொட்டும் இருக்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டு, பிளேயரின் ஓரத்தில் இருக்கிற பூட்டையும் தள்ளிவிட்டேன். அதைத் தள்ளிவிட்டால் வேறு எந்தப் பொத்தானை யார் தொட்டாலும் வேலை செய்யாது. கல்யாண வீட்டில் குழந்தைகள் கை சும்மா இருக்காதே என்று எப்போதும் செய்கிறதுதான். சிடி சுற்ற ஆரம்பிப்பதற்குள் ஜெனரேட்டர் இருமியது. எழுந்து பின்பக்கம் ஓடினேன்.

ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றால் உலகமே கேட்காது. நான் குனிந்து டீசல் பைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் பலாமரத்திலிருந்து நாலு பக்கமும் ஒப்பாரி போய்க்கொண்டிருந்தது. பறையோடு, ஒரு பெண் குரல், நெஞ்சைப் பிசைகிற குரல். என் சரக்கிலேயே உசத்தியான சிடி அது. மாப்பிள்ளையின் பங்காளி ஒருவன் ஓடிப்போய் எல்லாப் பொத்தானையும் அமுக்கியிருக்கிறான். பூட்டு போட்டிருந்ததால் நிற்கவில்லை. ஷாக் அடிக்கும் என்று வயரைப் பிடுங்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் யாரோ வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

ஓடிவந்து வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. அக்காதான் சமாளித்தாள். “மிஷினு தப்பு பண்ணிடுச்சு, சாப்புடுங்க, சாப்புடுங்க” என்று இலை இலையாக ஓடினாள். வேறு சிடி போட்டு, ஒரு தேங்காயும் உடைத்து, எல்லாம் ஒரு வழியாக நடந்துகொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பார்கள். மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கு ஊர் தூரம். முன்னெல்லாம் சாவுச் செய்தியை ஆள் நடந்து போய்ச் சொல்ல வேண்டும். மைக் செட் வந்த பிறகு, ஒப்பாரி எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசைக்கு, காட்டில் வேலை செய்கிறவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு அப்படியே வந்துவிடுவார்கள். அன்றும் வந்தார்கள். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, எதிர்க் கரட்டு ஊரிலிருந்து பொம்பளைகள் தலையை விரித்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். முதலில் கண்ணில் பட்டது அக்கா. அவளைக் கட்டிக்கொண்டு ஒருத்தி ஓவென்று அழுதாள்.

“ஐயோ, யாரும்மா போனது?”

மாலையோடு உட்கார்ந்திருந்த பெண்ணை அதற்குப் பிறகுதான் அவள் பார்த்தாள். அழுகை பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள்.

கீழே இறங்கி வந்ததும் பெட்டியைக் கூடத்தில் கொட்டினேன். ஒரு உறையாவது வெறுமனே இருக்கவேண்டுமே. இல்லை. எல்லா உறையிலும் பொட்டு. என் பொட்டு பெரிசாக, அவசரமாக இருக்கும். சாவு வீட்டு உறைகளில் இருந்தவை சின்னச் சின்னதாக, வட்டம் தப்பாமல், மோதிர விரலால் பார்த்துப் பார்த்து வைத்தவை.

வீட்டுக்காரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “நான் சுண்டலுக்குத் தாளிச்சிக்கினு இருந்தேன். ‘அத்த, இந்த டப்பாவுல இருக்கறது மட்டும் இன்னா எங்கம்மா நெத்தி மாதிரி வெறுமனே இருக்குது? பாக்கவே கஷ்டமா இருக்குது, பொட்டு வெச்சி எல்லாத்தோடயும் சேத்து அடுக்கிடட்டா?’ன்னா. வெச்சிக்கோ கண்ணுன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

அந்த உறைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினேன். பிறகு நான்தான் சொன்னேன், “இது இந்த வாசப்படி தாண்டக் கூடாது” என்று.

கொஞ்ச நாளில் மாப்பிள்ளை திருப்பூருக்கு வேலைக்குப் போனான். பொங்கலுக்கு வந்தான், ஆடிக்கு வந்தான், பிறகு வரவில்லை. அங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்று செய்தி வந்தது. அவன் போனதற்கு அவன் புத்தி காரணம். கல்யாணத்துக்கு முன்பே அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது என்று அவன் ஊர்க்காரனே பிறகு என்னிடம் சொன்னான். ஆனால் மலையில் எல்லாரும் கைகாட்டியது என் குழாயை.

அக்கா என் கடை வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உன்ன தூக்கி வளத்தேனேடா. உன் குழாய்லதாண்டா என் பொண்ணு வாழ்க்க போச்சு. பெருசா கட்னியே நாலு பக்கமும், நாலு பக்கமும் கேட்டுச்சுடா.”

“அக்கா, உள்ள வந்து பேசு.”

“பொழச்சிக்கோன்னு பஸ் ஏத்திவுட்டேன். நீ பொழச்சிக்கின. நாங்க நல்லா இருக்கறோம்.”

போய்விட்டாள். அதற்குப் பிறகு என் வீட்டுப் படி மிதிக்கவே இல்லை. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனால் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியில் வைத்துவிட்டு வருவேன். அடுத்த முறை போகும்போது அந்தக் கரும்பு வைத்த இடத்திலேயே காய்ந்து கிடக்கும்.

வீட்டுக்காரி எத்தனையோ முறை சண்டை போட்டாள். “சொல்லித் தொலைங்களேன். எம்மேல பழிய போடுங்க. நான்தான் தெரியாம பொட்டு வெச்சிட்டேன்னு சொல்றேன்.”

பொண்டாட்டி மேல் பழி போட்டுத் தப்பிக்கிறவனா நான்? உண்மையைச் சொல்லவும் முடியாது. புருஷன் விட்டுப் போன பெண் அவள். அவள் வைத்த பொட்டே அவள் வாழ்க்கையைக் கெடுத்தது என்று ஒரு பேச்சு கிளம்பினால், மலையில் அவளால் தலைநிமிர்ந்து தண்ணீர் எடுக்கப் போக முடியுமா? என்னைத் திட்டினால் என்ன, என் தொழில் படுத்தா போனது? ஒரு விசேஷம்கூடக் குறையவில்லை. தாங்குகிறவன் மேல் பாரம் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தாங்குகிறவனுக்கு வலிக்காது என்று ஊர் நினைத்துக்கொண்டதே, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

அக்கா போன செய்தி போனில் வந்தது. சொன்னதுகூட அக்கா மகள் இல்லை, உறவுக்காரன் யாரோ. லாரியில் நல்ல செட்டாக ஏற்றச் சொன்னேன். இப்போது எல்லாம் பென் டிரைவ்தான். இருந்தாலும் அந்த பிஸ்கட் டப்பாவையும் பழைய பிளேயரையும் எடுத்துக்கொண்டேன். பிளேயர் இன்றைக்கும் ஓடுகிறது. என் பொருள் எதுவும் லேசில் சாகாது. அந்த ஒப்பாரி சிடியைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் போட்டதில்லை. அது அக்காவுக்குத்தான் என்று இருந்தேன்.

போய் இறங்கினபோது வாசலில் வேறு யாரோ வாடகைக்குக் கொடுத்த ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ், போனிலிருந்து எதையோ பாடிக்கொண்டிருந்தது. பேஸ் சத்தம் அடித்து ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என் ஆள் மரத்தில் ஏணி சாய்த்தான். உள்ளே இருந்து அக்கா மகள் வந்தாள். தலைமயிர் நரைத்திருக்கிறது. தையல் மிஷினில் குனிந்து குனிந்து முதுகு கொஞ்சம் வளைந்திருக்கிறது.

“மாமா, ஏணிய எடுக்கச் சொல்லுங்க.”

“அம்மாவுக்கு நான் செய்யாம யாரு செய்வாங்க கண்ணு?”

“எங்கம்மாவுக்குத்தான் அன்னிக்கே ஒப்பாரி வெச்சிட்டீங்களே. உசுரோட இருக்கசொல்லவே ஊரக் கூட்டி அழ வெச்சீங்க. இன்னொரு தடவ எதுக்கு?”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. கூட வந்திருந்த வீட்டுக்காரி கையில் டப்பா இருந்தது. மூடியைத் திறந்துவிட்டாள். “ஏ பொண்ணு, இங்க வா, இத பாரு. யாரு வெச்ச பொட்டு...”

“மூடு அத” என்றேன்.

“மாட்டேன். எத்தினி வருஷம் நாம...”

“மூடுன்னா மூடு!”

குழாய் இல்லாமலே அன்றைக்கு என் சத்தம் எதிர் மலை வரைக்கும் போயிருக்கும். அக்கா மகள் என்னைப் பார்த்த பார்வையில், செத்த வீட்டில் வந்து பொண்டாட்டியை அதட்டுகிறான் பார் என்பது மட்டும்தான் இருந்தது. அக்கா முகத்தைப் பார்த்து, மாலையைப் போட்டேன். நெற்றி வெறுமனே இருந்தது. லாரியைத் திருப்பச் சொன்னேன்.

முன் சீட்டில் நான் ஓரத்தில், வீட்டுக்காரி நடுவில். வெள்ளிமலை தாண்டினதும், “நீங்க இன்னா பெரிய தியாகியா?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

“அவ உங்கள எச்ச இலையாட்டம் தூக்கிப் போட்டா. நீங்க அவள இன்னும் மடியில வெச்சிக்கினு இருக்கறீங்க.”

துண்டை மடித்து மடியில் போட்டு பிளேயரை வைத்தேன். அந்தச் சின்னப் பொட்டு உறையிலிருந்து சிடியை எடுத்துப் போட்டு, இயர்போனை மாட்டினேன். பறை எடுத்தது. குரல் எடுத்தது. நான் ஒருத்தன் கேட்க, என் அக்காவுக்கு ஒப்பாரி. முதல் வளைவில் தாவியது. இரண்டாவதில் தாவியது. அம்மா என்று கூப்பிடத் தொடங்கும், அடுத்த வார்த்தை வருவதற்குள் வேறு எங்கோ போய்விழும். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

வீட்டுக்காரி ஒரு பக்க இயர்போனை என் காதிலிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

பேட்டரி பழசு. கோமுகி அணை வருவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது.